வறுத்த வாசனை

"ஒரு கைப்பிடி வேர்க்கடலைய ஒழுங்கா வறுக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடி குடும்பம்?"

"நீங்க வறுத்துக் கிழிச்சதத்தான் போன வாரமே பாத்தேனே! கரிக்கட்டைக்குத் தேன் தடவின மாதிரி!"

"அப்ப உங்க அம்மா வீட்டுக்கே போய் வறுத்துத் தின்னு!"

"போறேன். இந்தச் சட்டிய எடுத்துக்கிட்டுத்தான் போவேன்!"

மூணாவது மாடியில, லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கதவுல காத வெச்சு நின்னுட்டிருந்தாங்க எதிர் வீட்டு லைப்ரரியம்மா. ஒட்டுக் கேக்கறதில்லையாம். அக்கறையாம்.

நாலு வாரமா இதே கூத்து. ஞாயித்துக்கிழமை பதினொரு மணி அடிச்சா போதும், புருஷனும் பொண்டாட்டியும் சமையல்கட்டுல குடுமிப்பிடி. அதுவும் எதுக்கு? ஒரு டப்பா இனிப்பு மிக்சருக்கு.

உள்ள குக்கர் விசில் அடிச்சுது. சண்டை டக்குனு நின்னுது. விசில் அடங்கினதும், "ஒரு கைப்பிடி வேர்க்கடலைய ஒழுங்கா வறுக்கத் தெரியல"ன்னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சுது.

"பாவம், சொன்னதையே சொல்ற அளவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு"ன்னு லைப்ரரியம்மா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாங்க.

வேகமா தன் வீட்டுக்குள்ள போனாங்க. பஸ் டிப்போ மேனேஜரான அவங்க வீட்டுக்காரர் பால்கனி நாற்காலியில சாஞ்சு, காதுல இயர்ஃபோன மாட்டிக்கிட்டு, ஃபோனப் பாத்துச் சிரிச்சிட்டிருந்தாரு.

"அங்க ஒரு குடும்பம் பிரியப் போகுது. உங்களுக்கு இங்க சிரிப்பு கேக்குதா?"

அவரு ஒரு காது இயர்ஃபோன மட்டும் கழட்டினாரு. "நீ போய் ரெண்டு வார்த்தை சொல்லேன். மிக்சர் விஷயத்துல உன்ன மிஞ்ச ஆளு ஏது? இன்னிக்கே போ. இப்பவே போ."

அது என்னமோ நிஜம்தான். திங்கக்கிழமை திங்கக்கிழமை அவரு டிப்போவுக்கு ஒரு டப்பா மிக்சர் கொண்டு போவாரு. ஆளுக்கு நாலு கடலை எண்ணிக் குடுத்துட்டு, "எம்பொண்டாட்டி கைப்பக்குவம்டா. கடையில வாங்கித் தின்றவனெல்லாம் ஒரு குடும்பஸ்தனா?"ம்பாரு. டிரைவர்லேர்ந்து கணக்கர் வரைக்கும் எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. ஆட்டாம என்ன பண்றது, லீவு கையெழுத்து அவருதானே போடணும்.

லைப்ரரியம்மா எதிர் வீட்டுக் கதவத் தட்டிட்டு, பதில் வர்றதுக்குள்ள சமையல்கட்டுக்கே போயிட்டாங்க.

"என்னம்மா இது? கார்ன்ஃப்ளேக்ஸ், கடலை, திராட்சை, ரெண்டு ஸ்பூன் தேன். பத்து நிமிஷ வேலை. இதுக்கா அம்மா வீட்டுக்குப் போறது? ஊரு சிரிக்காது?"

மெக்கானிக் கரண்டியும் கையுமா திருதிருன்னு முழிச்சாரு. அவரு பொண்டாட்டி மூக்க உறிஞ்சிக்கிட்டா. "உங்களுக்கென்னக்கா, சொல்லிட்டுப் போயிடுவீங்க. உங்க கை மணம் எனக்கு வருமா? அண்ணன் படியில பாக்கறப்பல்லாம் சொல்லிக் காட்டறாரு. இவரு அதைக் கேட்டுட்டு வந்து என்னை வறுத்தெடுக்கறாரு."

லைப்ரரியம்மாவுக்கு மனசு உருகிடுச்சு. தன்னால ஒரு குடும்பம் கெடுதா? அவ கையப் பிடிச்சு அடுப்பு மேடை பக்கமா இழுத்துக்கிட்டாங்க.

"ஒண்ணு சொல்றேன். உயிரே போனாலும் வெளிய விடக்கூடாது."

"சத்தியமா விடமாட்டேன்க்கா."

"இருபத்திரெண்டு வருஷத்துல நான் ஒரு கடலை கூட வறுத்ததில்ல."

மெக்கானிக் கையில இருந்த கரண்டி கீழ விழுந்துச்சு.

"லைப்ரரிக்கு எதிர்க்கடையில அரைக் கிலோ மிக்சர் வாங்கிப் பைக்குள்ள போட்டுட்டு வந்துடுவேன். சட்டியக் காய வெச்சு, துளி வெண்ணெய் போட்டு, அதுல கொட்டி ரெண்டு கிளறு. வாசனை ஹால் வரைக்கும் போகும். 'ஆஹா'ம்பாரு. கடைக் கவர கீழ்வீட்டுக் குப்பையில போட்டுடுவேன். குடும்பம்னா அவ்வளவுதாம்மா. வறுக்கணும்னு இல்ல, வறுத்த வாசனை வந்தா போதும்."

"அண்ணனுக்குத் தெரியவே தெரியாதா?"

"அவருக்கா? கல்லப் போட்டு வறுத்துக் குடுத்தாலும் கைப்பக்குவம்பாரு. நாக்கு அப்படி. ஆனா தெரிஞ்சுதுன்னா அவ்வளவுதான், டிப்போவுல தலை காட்ட முடியாது மனுஷனுக்கு. மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவாரு, என்னையும் விட்டுட்டு."

எதிர் வீட்டுல நாற்காலி ஒண்ணு தடால்னு சாஞ்ச சத்தம் கேட்டுச்சு.

"பூனையா இருக்கும்"னாங்க லைப்ரரியம்மா. பாரம் இறங்கின மாதிரி முகமெல்லாம் தெளிவு. "இனிமே சண்டை போடுவீங்களா?"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மெக்கானிக்தான் தலையச் சொறிஞ்சாரு. "மன்னிச்சுக்கங்கக்கா. வெறும் சமையல் குறிப்பா போட்டா முப்பது பேருதான் பாக்கறாங்க. சண்டை போட்டுக்கிட்டே செஞ்சா முப்பதாயிரம் பேரு."

லைப்ரரியம்மாவுக்கு ஒண்ணும் புரியல. அவரு பொண்டாட்டி கண்ணத் தொடச்சிக்கிட்டு, கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டிய ஓரமா நகத்தினா. பின்னாடி தேன் பாட்டில்ல சாய்ச்சு ஒரு ஃபோன். மேல சிவப்பா 'லைவ்'னு எரிஞ்சுது, கீழேர்ந்து இதயம் இதயமா பறந்துக்கிட்டிருந்துச்சு.

அவ அந்த ஃபோனப் பாத்துப் பளிச்சுனு சிரிச்சா.

"கடை மிக்சர வீட்டு மிக்சர்னு குடுத்தது தப்பா, சரியா? எல்லாரும் கீழ எழுதுங்க... வாராவாரம் தவறாம வர்ற எதிர் வீட்டு அண்ணே, மொதல்ல நீங்க எழுதுங்க!"