கறுப்பு நாடா கட்டிய படம்

சியோல் ஸ்டூடியோவில், ஒருவர் காலை ஒருவர் வாரும் வக்கீல்களைப் பற்றிய எங்கள் நகைச்சுவைத் தொடருக்காகப் போட்ட ஆபீஸ் செட். விளக்குகள் பொய்ப் பகலைக் கொட்டுகின்றன. அலமாரியோரம் ஒரு பெரிய படம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சட்டகத்தின் மூலைகளில் கறுப்பு நாடா. இந்த ஊரில் இழவு வீட்டில் வெள்ளைச் சாமந்திக்கு நடுவே வைக்கிற, செத்தவரின் படம். கதையில் யாரோ சாகப்போகிறார்கள். செத்தவருக்கு அதோடு வேலையும் போச்சு. யாரென்று எழுதுகிற மகராசன் மூச்சுவிடவில்லை. கேமரா ஓடும்போதுதான் வசனத்தாளே வரும். போன வாரம் போஸ்டருக்கென்று எல்லோரையும் தனித்தனியே சிரிக்கவைத்துப் படமெடுத்தது இதற்குத்தானா? தலைமை வக்கீலாக நடிக்கும் பெரியவர் தொக்சுவை, குமாஸ்தாவாக நடிக்கும் சோயோன் முறைக்கிறாள்.

"நேத்து டைரக்டரோட தனியா உக்காந்து கறி சுட்டுத் தின்னீங்களாமே, அண்ணே. யாரைப் போட்டுக் குடுத்தீங்க?"

"உன்னை மாதிரி கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேக்கற பழக்கம் எனக்கில்லம்மா."

அவள் வெடுக்கென்று காபி எடுக்கப் போகிறாள். அவர் பூனைபோல் எழுந்து, சட்டகத்தை விரலளவு விலக்கி எட்டிப் பார்க்கிறார். நாடா ஆடுகிறது. யாருக்கும் ஒரு மிட்டாய்கூட நீட்டியறியாத மனிதர், அவள் திரும்பி வந்ததும் பையிலிருந்து ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்து, நாரையெல்லாம் நீக்கி, அவள் முன்னால் வைக்கிறார்.

"சாப்பிடும்மா. ரொம்ப இளைச்சுட்டே."

சோயோன் சுளைகளைப் பார்க்கிறாள். பிறகு சுவரோரம் பார்க்கிறாள். நாடா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.