எதிர்க்காற்று

கோவில்பட்டியிலிருந்து கன்னியாகுமரிவரை தனியாகச் சைக்கிளில் போய்க் காட்டுகிறேன் என்று கிளம்பிய பியூலா, வள்ளியூர் தாண்டியதும் நின்றுவிட்டாள். பாட்டில் தண்ணீர் வெந்நீராகியிருந்தது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது. காற்று இரண்டு முறை அவளைச் சைக்கிளோடு ரோட்டோரம் தள்ளிவிட்டது. "போதும், நீயே ஜெயிச்சுக்கோ" என்று காற்றைப் பார்த்துக் கத்திவிட்டு, ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணவன் செல்வினுக்கு போன் செய்தாள்.

"முடியலங்க. காரை எடுத்துட்டு வாங்க."

"இந்தா, பத்து நிமிசத்துல வந்துருதேன்."

"கோவில்பட்டியில இருந்தா?"

"காலையில இருந்து உனக்குப் பின்னாலதான் வாறேன். இது பாதியிலதான் நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பியூலா போனை வைத்தாள். வாழைத்தார் ஏற்றி வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"எங்கக்கா போணும்?" என்றான் டிரைவர்.

"நீங்க எங்க போறீங்க?"

"நாகர்கோவில்."

"சரி, சைக்கிளத் தூக்கிப் போடுங்க."

வேன் புறப்பட்டதும் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். மரத்தடியில் செல்வினின் கார் வந்து நின்றது. அவன் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். அவள் மடியில் போன் அடிக்க ஆரம்பித்தது.

"எடுக்கலியாக்கா?"

"இந்தக் காத்துல ஒண்ணும் கேக்காது தம்பி" என்றாள்.