பெட்டியில் ரப்பர் செருப்பு

தலைமை அலுவலகத்தில் ஒரு வாரம் பயிற்சி என்று மனைவியின் காதில் பூ சுற்றிவிட்டு, நண்பர்களோடு தீவுக்குக் கிளம்பத் தயாரானார் இன்ஷூரன்ஸ் அதிகாரி. பெட்டி அடுக்கிய மனைவி அதில் ரப்பர் செருப்பை வைத்தாள்.

“பயிற்சிக்கு இது எதுக்கு?”

“கடல்ல பவளப்பாறை காலைக் கிழிச்சிடும். டிக்கெட்டையும் ஹோட்டல் ரசீதையும் சட்டையோட துவைக்கப் போட்டிருந்தீங்க, காய வச்சிருக்கேன்.”

அவள் பாட்டுக்குத் துணி மடித்தாள்.

“அங்க தினமும் மூணு மணிக்கு மழை கொட்டும், அதுக்குள்ள குளிச்சிடுங்க. தென்னை மரத்தடியில படுக்காதீங்க, மண்டை பொளந்துடும். அந்த ஹோட்டல்ல பின்பக்க ரூம் வேண்டாம், ஜெனரேட்டர் தூங்க விடாது.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“போன மாசம் அம்மா படுத்த படுக்கையா இருக்காங்கன்னு ஒரு வாரம் போயிருந்தேன்ல?”

பெட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்:

“அம்மா நல்லாவே நீந்துறாங்க.”