ஒட்டுத்தாளில் இரண்டு பெயர்

"இந்தப் பாத்திரம் யாரோடது?" என்று அதட்டினாள் நோரீன்.

கேட்கவே தேவையில்லை. பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் எழுதியிருந்தது: 'க்ளைட் - ஓபல்'.

சர்ச்சில் அன்று பொதுச் சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவார்கள். பாத்திரம் மாறிப்போகாமலிருக்க எல்லோரும் அடியில் பெயர் ஒட்டுவார்கள்.

"விவாகரத்து வாங்கினவளுக்கு ஜோடிப் பேர் என்ன வேண்டிக்கிடக்கு?" நோரீன் ஒட்டுத்தாளை உரித்துத் தன் ஏப்ரனில் ஒட்டிக்கொண்டாள்.

பாஸ்டர் ஹார்லன் காப்பிக் கோப்பையோடு சமையலறையிலிருந்து நழுவப் பார்த்தார்.

"நில்லுங்க பாஸ்டர்! ஓபல்கிட்ட நீங்க கேக்கிறீங்களா, நான் கேக்கட்டுமா?"

"என்ன கேக்கணும், சிஸ்டர்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி! க்ளைட் கூரையிலேர்ந்து விழுந்து ரெண்டு காலும் போச்சு. படுக்கையில கிடக்கிற மனுஷனை விவாகரத்து பண்ணிட்டு, அவன் வீட்டுக் கொல்லையில சக்கரம் வச்ச டிரெய்லர் வீட்டைப் போட்டு அதுல போய் உக்காந்துக்கிட்டா. சரி, போனவ போனபடி இருக்காளா? பொழுது சாஞ்சா லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு அவன் வீட்டுக்குள்ள போறா. விளக்கு அணையுது. ஆள் வெளியில வரலை!"

"அதையெல்லாம் நீங்க எதுக்கு..."

"என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தா நான் என்ன பண்றது? ராத்திரி அந்தக் கூத்து. ஞாயித்துக்கிழமை பாட்டுக்குழுவுல முன்வரிசை. வெக்கமா இல்ல?"

"அவ புருஷன்தானே, சிஸ்டர்..."

"முன்னாள் புருஷன்!"

பேசிக்கொண்டே ஹாலை எட்டிப் பார்த்தவள் சட்டென்று ஓடினாள். அங்கே அவள் கணவர் வெர்னன், கிரேவியைத் தன் காப்பியில் ஊற்றி நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு எப்பவும் விளையாட்டுதான்!" நோரீன் உரக்கச் சிரித்தாள். கோப்பையை மாற்றி வைத்தாள். தப்பாகப் போட்டிருந்த சட்டைப் பித்தானையும் யாரும் பார்க்குமுன் சரிசெய்துவிட்டு வந்தாள்.

அதற்குள் ஓபல் சமையலறையில் ஒரு தட்டில் கோழிக்கறி எடுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு அந்தத் தட்டு?"

"க்ளைடுக்கு."

"அம்மா தாயே! அவன்மேல அவ்வளவு அக்கறை இருந்தா எதுக்கு விவாகரத்து?"

ஓபல் பாஸ்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அவரைத் தூக்கிக் குளிப்பாட்டக் காலையில ஒரு பொண்ணு வருது இல்ல? அதுக்கும் மருந்துக்கும் ஏழைங்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ்தான் பணம் கட்டுது. எனக்குப் பள்ளிக்கூட கேன்டீன் பென்ஷன் வர ஆரம்பிச்சதும், 'ரெண்டு பேர் வருமானமும் சேர்ந்து வரம்பைத் தாண்டிருச்சு, நீங்க ஏழை இல்ல'ன்னு நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணும் வரலை."

"பென்ஷனை வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கலாமே?" என்றார் பாஸ்டர்.

"அதையும் கேட்டேன். வேணாம்னாலும் வந்த கணக்குதானாம். சேர்த்துக் கணக்குப் பார்க்கக்கூடாதுன்னா ரெண்டே வழி சொன்னாங்க. ஒண்ணு, அவர் சாகணும். இல்லேன்னா, நான் பொண்டாட்டியா இருக்கக்கூடாது, அந்த வீட்டுலயும் குடியிருக்கக்கூடாது."

"கோர்ட்டுல போய் இதைத்தான் சொன்னியாக்கும்?" என்றாள் நோரீன்.

"நீதிபதி காரணம் கேட்டார். 'அவர் உயிரோட இருக்கணும்'னேன். 'சட்டத்துல அப்படி ஒரு காரணம் இல்லம்மா, ஒத்துவரலைன்னு சொல்லுங்க'ன்னார். சொன்னேன்."

"ராத்திரி அங்க என்ன வேலை?"

"அப்பப்போ திருப்பிப் படுக்க வைக்கலேன்னா முதுகு புண்ணாயிடும். அந்தப் பொண்ணு காலையிலதானே வருது."

"லிப்ஸ்டிக்?"

"அவருக்குப் பிடிக்கும்."

பாஸ்டர் இருமினார். நோரீன் விடவில்லை.

"அரசாங்கத்தையும் ஏமாத்தி ஆண்டவனையும் ஏமாத்தற நீ!"

"அரசாங்கம் சொன்னதைத்தான் செஞ்சேன், நோரீன். ஆண்டவன்கிட்ட விவாகரத்து நான் கேக்கவே இல்ல."

"நல்லா பேசக் கத்துக்கிட்டே! என்ன சொன்னாலும் வாங்கினது வாங்கினதுதான். புருஷன் விழுந்தா கூடவே கிடக்கிறவதான் பொண்டாட்டி. அடுத்த வாரம் நீ பாட்டுக்குழுவுல நின்னா, நான் இந்த சர்ச்சுல நிக்கமாட்டேன். பாஸ்டர், உங்களுக்கு யார் வேணும்னு முடிவு பண்ணிக்குங்க."

பாஸ்டருக்கு அந்த நேரம் பார்த்துக் காப்பி ஆறிப்போனது நினைவுக்கு வந்தது. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓபல் கையிலிருந்த தட்டை ஓரமாக வைத்தாள். பிறகு ஆணியில் தொங்கிய தன் பாட்டுக்குழு அங்கியை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"பாட்டு இல்லாம இருந்துக்குவேன்" என்றாள். கோழிக்கறித் தட்டோடு வெளியே போனாள்.

நோரீன் மறுபடி ஹாலை எட்டிப் பார்த்தாள். அங்கே வெர்னன் அவளைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏப்ரன் போட்டிருக்கே, அந்த அம்மா யாரு?" என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

நோரீன் ஓபலின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே நடந்தாள்.

"இன்னும் திட்டித் தீரலையா, ஆண்டவரே!" என்று முனகினார் பாஸ்டர்.

ஓபல் காரைக் கிளப்பிவிட்டிருந்தாள். நோரீன் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். ஏப்ரனில் இருந்த ஒட்டுத்தாளை எடுத்துப் பாத்திரத்தின் அடியிலேயே அழுத்தி ஒட்டி, ஜன்னல் வழியாக நீட்டினாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஓபல்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "வேற வீடுன்னா, எங்க கொல்லையில ஒரு டிரெய்லர் போட்டா போதுமா? இல்ல, தெரு தாண்டிப் போகணுமா?"