முறையாகச் சொல்லவில்லை

ஒரு பழைய காரில், இன்ஜினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டினார்கள். முதல் நாளே கார் கரும்புகை கக்கியபடி நடுரோட்டில் நின்றுவிட்டது.

டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துப் புது இன்ஜெக்டர் கத்தியது. "பெரியவரே, எவ்வளவு நேரம்தான் என்னைத் திறந்து வைப்பீங்க? என் வாய் பெருசுன்னு தெரியலையா?"

"பழைய ஆளுக்கு எவ்வளவு நேரமோ, அவ்வளவுதான் உனக்கும். ஆள் மாறினதை எனக்கு யாரும் முறையாச் சொல்லலையே."

"புகை தெரியுதுல்ல? நாளைக்கே என்னைக் கழட்டி வீசிடுவாங்க!"

"போன மாசம் சைலன்சரை மாத்தினப்பவும் சொல்லலை. வாசலோட நிக்கிறவர்தானேன்னு அனுசரிச்சுப் போனேன். நீ அடுப்படிக்கே வந்துட்டியே!"

மெக்கானிக் லேப்டாப்போடு வந்தார். பெட்டியில் ஒயரைச் செருகி, வெகுநேரம் ஏதேதோ தட்டினார். புகை நின்றது. கார் சிட்டாகப் பறந்தது.

"இப்ப மட்டும் எப்படி?" என்றது இன்ஜெக்டர்.

"வீடு தேடி வந்து சொல்லிட்டாங்கல்ல," என்று குளிர்ந்துபோனது பெட்டி.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி முனகியது.

"பாட்டுப் பெட்டியை மாத்தினதை மட்டும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை."