துப்பாக்கிப் பேச்சு

"பார்க்கத்தானே வந்தீங்க? வாங்குற மூஞ்சியாத் தெரியலையே" என்றார் கடைக்காரர், நாற்காலியை விட்டு எழாமலே.

"பார்க்கத்தான்" என்றான் அவன். இந்தப் பயணத்தில் இது ஐந்தாவது ஊர், ஐந்தாவது துப்பாக்கிக் கடை. வெளியூர்க்காரர்களுக்கு எவரும் துப்பாக்கி விற்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அவனும் மாமனாரும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமா கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தார். "இந்த மாடல்ல புதுசா என்ன வந்திருக்கு?"

"எந்த மாடல்ல?"

"இதுலதான்" என்று விரலைப் பொதுவாக ஆட்டினார்.

"பெரியவரே, அது துப்பாக்கி இல்ல. துப்பாக்கியத் துடைக்குற பிரஷ்."

அவன் அவசரமாக நடுவில் புகுந்தான். "மாமா கண்ணாடிய ரூம்லயே விட்டுட்டு வந்துட்டாரு."

"நல்லதாப் போச்சு. கண்ணாடி போட்டுட்டு வந்திருந்தா விலையெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றபடி கடைக்காரர் தன் போனுக்குத் திரும்பினார்.

வெளியே வெயில். பஸ் நிறுத்தத்தில் ஒரு ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. மாமாவை உட்கார வைத்தான். அவர் கால் வீங்கியிருந்தது. நேற்று ராணுவ மியூசியத்தில் மூன்று மணி நேரம் நின்றதன் பலன். ஒவ்வொரு பீரங்கிக்கும் முன்னால் நின்று, அட்டையில் இருந்ததைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். போதும் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

அவனுக்குத் துப்பாக்கியில் துளியும் ஆர்வம் கிடையாது. ஆனால் கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் மாமாவிடம் அவன் வேறு எதையும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். துப்பாக்கி, பீரங்கி, கொஞ்சம் வானிலை. வைத்துவிடுவார். பதினொரு மாதத்துக்கு முன், ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே அவன் மனைவிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, மாமா கையிலிருந்த மருந்துச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "சில துப்பாக்கி தண்ணில விழுந்து எடுத்தாக்கூட சுடுமாம் மாப்பிள்ளை" என்றார். "ஆமா மாமா" என்றான் அவன். அன்று அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

நாளை மாலை மாமா விமானம் ஏறுகிறார். கடல் கடந்து மூத்த மகன் வீட்டுக்கு, இனி அங்கேயேதான். துப்பாக்கிப் பேச்சும் தீர்ந்துவிட்டால் அவருக்கு போன் செய்ய இவனுக்கு வேறு சாக்கு இல்லை. அவள் பக்கத்தில் இவனிடம் பேச மிச்சம் இருந்தது இந்த ஒரு மனிதர்தான்.

"அடுத்து எங்க மாப்பிள்ளை?"

"நாலு ஸ்டாப் தள்ளி ஒரு இடம் இருக்காம். காசு கட்டினா நாமளே சுட்டுப் பார்க்கலாம்."

மாமா வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டார். "உங்களுக்குப் போகணும்னா போலாம்."

"நீங்க ஆசைப்பட்டா போலாம் மாமா."

"அப்பப் போவோம்."

அது குடோன் மாதிரி நீண்ட கூடம். தரையெல்லாம் ரப்பர் விரிப்பு, காற்றில் கருகல் வாடை. எதிர்ச் சுவரோரம் காகித மனிதன் ஒருவன் மார்பில் வட்டங்களோடு தொங்கிக்கொண்டிருந்தான். சொல்லித்தரும் பெண் இருவர் காதிலும் கவசத்தை மாட்டிவிட்டு, துப்பாக்கியை மேசையில் வைத்தாள்.

"நீங்க முதல்ல மாப்பிள்ளை."

"நீங்க இருக்கும்போது நானா? நீங்க சுடுங்க மாமா."

"அட, நீங்கதான்..."

"பஸ்ல சீட்டா விட்டுக்குடுக்குறீங்க?" என்று அந்தப் பெண் கத்தினாள். "பின்னாடி அடுத்த ஆள் நிக்கிறாங்க. யாராவது ஒருத்தர் எடுங்க!"

மாமா எடுத்தார். அவள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். வெடித்தது. காகித மனிதனுக்கு ஒரு கீறலும் இல்லை.

"ரெண்டு கண்ணையும் மூடிட்டா சுடுவாங்க? இன்னும் ஒன்பது ரவுண்டு இருக்கு. மறுபடி தூக்குங்க."

மாமா தூக்கவில்லை. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, பின்னால் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து கவசத்தைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை. அவன் பதறிப்போய்த் தன் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னாச்சு மாமா? நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. இனிமே என்னால முடியாது. ரோட்டுல டயர் வெடிச்சாலே வீட்டுக்குள்ள ஓடுற ஆளு நான்."

அவனுக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு மாமா இத்தனை கடை, மியூசியம், கால் வீங்க வீங்க..."

"உங்களுக்காகத்தான். நாளைக்கு நான் போயிட்டா நீங்க யாரோ, நான் யாரோன்னு ஆயிடக்கூடாதேன்னுதான்." மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணம் நிச்சயமானப்பவே பாப்பா சொல்லிட்டா. 'அவர்கிட்ட என்ன பேசுறதுன்னு முழிக்காதீங்கப்பா. துப்பாக்கியப் பத்திப் பேசுங்க. அவருக்கு அதுன்னா உசிரு'ன்னு."

அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவன் மெதுவாகக் கழுத்திலிருந்து காதுக் கவசத்தைக் கழற்றினான்.

"என்கிட்டயும் இதையேதான் சொன்னா மாமா. உங்களப் பத்தி."