ராகித் தோட்டா

மெழுகு உருகியிருக்குமோ?

படுத்தபடியே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சித்திரை வெக்கை. மெழுகு உருகினால் ராகி முழுவதும் குழலுக்குள் கொட்டிவிடும். காலையில் அவர் துப்பாக்கியை மடக்கும்போது பொலபொலவென்று தரையில் விழும். அப்புறம் அவருக்கு என்ன பதில் சொல்வது?

விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் அவர் குறட்டை விட்டார்.

கொடுத்து வைத்த மனுஷன். துப்பாக்கி வந்த நாளிலிருந்து இப்படித்தான் தூங்குகிறார்.

அவளுக்குக் கண் எரிந்தது.

மேட்டுத் தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டி இருவரையும் அடித்துப் போட்டுவிட்டு நகையை எடுத்துப் போனார்கள். அவர்களும் இவர்களைப் போலத்தான். வயதானவர்கள், தனி வீடு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. பால் எடுக்கப் போன சென்னியப்பன்தான் முதலில் பார்த்தான். பல நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இவர் லைசென்சுக்கு எழுதிப் போட்டார். தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று நாயாய் அலைந்தார். ரைஃபிள் கிளப்பில் பயிற்சியும் எடுத்தார். அங்கே சுட்டுத் தீர்த்த இரண்டு தோட்டாக்களின் வெறுங்கூட்டைக் கொண்டுவந்து, பேரன்களுக்குக் காட்ட வேண்டும் என்று பரணில் வைத்தார்.

"எதிர்ல ஆருன்னு தெரியாம வெரல் விசைக்குப் போகக்கூடாது. அதாம் மொதப் பாடம்." வந்து போகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னார்.

எல்லாம் சரி. காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டால் மனுஷனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

போன மாதம் ஒரு விடியாத கருக்கலில், வெளிக் கக்கூஸுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். கரண்ட் இல்லை. வாசலில் அவர் நின்றார். குழல் அவளைப் பார்த்து நீண்டிருந்தது.

"ஆரது?"

"நாந்தானுங்க!"

"ஆரதுங்கறேன்?"

கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். டைகர் ஓடி வந்து அவள் மேல் விழுந்து முகத்தை நக்கியது. நாய் கொஞ்சுவது இருட்டில் நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும். குழல் மெல்லத் தாழ்ந்தது.

அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அவர் வெளியே போனதும் பீரோவிலிருந்து அவர் தோட்டா வைக்கிற தகர டப்பாவை எடுத்தாள். நல்ல தோட்டா இரண்டையும் அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். பரணில் கிடந்த வெறுங்கூடுகளில் எடைக்கு ராகியை நிரப்பி, மெழுகுவர்த்தியை உருக்கி வாயை அடைத்தாள். டப்பாவில் அவற்றை வைத்து, பழையபடி துணி சுற்றிக் கயிறு கட்டினாள்.

அன்றோடு அவள் தூக்கம் போயிற்று.

அவர் துப்பாக்கியை நம்பித் தூங்குகிறார். உள்ளே இருப்பது ராகி என்று தெரிந்தவள் எப்படித் தூங்குவாள்? நாய் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்தாள். பகலில் சோறு வடிக்கும்போது கண் சொருகியது.

மெல்ல எழுந்தாள். கட்டிலோரம் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்தாள். அவர் செய்வதைப் பார்த்திருந்தாள். அதேபோல மடக்கினாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

குழலின் அந்தப் பக்கம் சாமி விளக்கு தெரிந்தது.

ராத்திரி பீரோவைத் திறந்து மூடினாரே. முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டா போட்டாரே. டக்கென்று சத்தம்கூடக் கேட்டதே.

டப்பாவை எடுத்தாள். கயிற்றில் முடிச்சு அப்படியே இருந்தது. அவர் கட்டினால் மாட்டுக்குப் போடுகிற முடிச்சாக இருக்கும். இது அவள் போட்டது. ஒரு மாதமாக யாரும் அவிழ்க்கவே இல்லை.

அந்தக் கருக்கலுக்குப் பிறகு அவர் தோட்டாவைத் தொடவே இல்லை.

ஜன்னல் திட்டைப் பார்த்தாள். படுக்கும்போது காது மெஷினைக் கழற்றி அங்கேதான் வைப்பார். திட்டு காலியாக இருந்தது.

திரும்பினாள். மெஷின் அவர் காதில் இருந்தது.

குறட்டை நின்றிருந்தது.

அட பாவி மனுஷா, குறட்டையுமா பொய்? இத்தனை நாளும் இரண்டு கட்டிலிலும் விழித்துக்கொண்டா கிடந்தோம்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

துப்பாக்கியை மடங்கியபடியே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இனிமே முன்ராத்திரி நான் முழிச்சிருக்கறனுங்க. பின்ராத்திரி நீங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"செரி அம்மிணி. இப்பப் படு."

படுத்தாள். அவர் மெஷினைக் கழற்றித் திட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. சென்னியப்பன் பால் கேனோடு நின்றான். கறக்காத மாடு கத்திக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

கூப்பிட்டான். பதில் இல்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டான்.

கேன் கையிலிருந்து நழுவி உருண்டது. ஓடிப்போய் இரண்டு கையாலும் கதவை அடித்தான்.

அவள் வந்து திறந்தாள். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் கயிற்றுக் கட்டிலின் வரி.

சென்னியப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தான். உள்ளே வாயைப் பிளந்து கிடக்கிறவரைப் பார்த்தான். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். பிறகு படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

அவள் பதறிப்போய் அவன் தோளைத் தொட்டாள்.

"தூங்கிட்டோஞ் சாமி. ரெண்டு பேருமே தூங்கிட்டோம்."